உன் அண்ணியும் ஜூம் இல்லாத கேமராவும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் எழுதுகிறேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலம் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். அதற்குப் பிறகு மாற்றம் ஏதும் இருந்தால் தெரிவிக்கவும். இந்த விஷயத்தையும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ நடுவில் பேசுவாய்.

முதலில் செய்தி. உன் அண்ணியை நான் எடுத்த படம் அவளுடைய பஸ் டிப்போவின் மண்டபச் சுவரில் மாட்டத் தேர்வாகிவிட்டது. இன்று காலை டிப்போ மேலாளரே கூப்பிட்டுச் சொன்னார். காதில் விழுந்ததை மட்டும் நம்பும் பழக்கம் எனக்கு இல்லாததால் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன், சொன்னார். ஒரு வீட்டுக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி அச்சிடுகிறார்கள். சனிக்கிழமை உன் அண்ணியின் கடைசிப் பணிநாள். அன்று மாலை அவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் திரையை விலக்கிப் படத்தைத் திறந்து வைப்பார்கள். கீழே ‘படம்: ஓட்டுநரின் கணவர்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி வரும். எவ்வளவு சிறியது என்று கேட்டேன். படிக்க முடிகிற அளவு என்றார். இத்தனை வருடம் பத்திரிகையில் எழுதினேன். என் எழுத்துக்குப் பக்கத்தில் வந்த படம் எல்லாம் வேறொருவர் எடுத்தது. முதல்முறையாகப் படம் என்னுடையது, அதுவும் செய்தியே இல்லாமல் தனியாக நிற்கப்போகிறது. சட்டைப்பையில் கேமராவை வைத்துக்கொண்டு காலையிலிருந்து வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

நீ இந்தக் கேமராவைச் சோப்பு டப்பா என்று சொன்னவன். அதனால் இதன் வரலாற்றை ஒழுங்காக ஒருமுறை எழுதி உன்னிடம் கொடுத்துவிடுவது என் கடமை. நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் செய்யும் காரியங்களைப் பற்றி எங்கள் மகளுக்கு அவள் அம்மாவிடமிருந்து தொடர்ந்து தகவல் போயிருக்கிறது. இந்த மனிதருக்கு ஏதாவது வேலை கொடு, சமையலறை டப்பாக்களை எல்லாம் அகரவரிசையில் அடுக்கிவிட்டார், உப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அதன் சாரம். உப்பு ‘உ’வில்தான் இருந்தது. இந்தத் தகவலின் பேரில் மகள் அனுப்பிவைத்ததுதான் கேமரா. மூக்குக்கண்ணாடிப் பெட்டியைவிடக் கொஞ்சம் பருமன். கறுப்பு உடம்பு, மேலே டயல்கள், முன்னால் ஒரே ஒரு லென்ஸ். அந்த லென்ஸைக் கழற்ற முடியாது. அது நீளாது, சுருங்காது, உள்ளே போகாது, வெளியே வராது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எதிரே இருப்பது இருந்த இடத்திலேயே இருந்தது. இது பழுது என்று முடிவு செய்து கேமராக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். படத்தைக் கிட்டத்தில் கொண்டுவரும் பொத்தான் எங்கே என்று கேட்டேன். “அது இல்லாததுக்குத்தான் சார் இந்த விலை” என்றார். ஒருவர் சொன்னதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதால் வேறொரு கடையிலும் போய்க் கேட்டேன். அதே பதில்தான். ஆனால் இரண்டாவது கடைக்காரர் சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லாத் தூரத்தையும் சுமாராகப் பார்க்கிற லென்ஸ் ஒன்று, ஒரே தூரத்தை மிக நன்றாகப் பார்க்கிற லென்ஸ் ஒன்று. இது இரண்டாவது வகை. மங்கிய வெளிச்சத்திலும் முகம் தெரியும். உள்ளே ஒளியை வாங்கும் சில்லு பெரியதாம். அதனால் எடுத்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் சின்ன விவரங்கூடக் கலங்காமல் நிற்கும். இந்த ஒரு குணத்துக்காகவே இதை வாங்கலாம் என்று நான் இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். கிட்டத்தில் வேண்டுமென்றால் எடுப்பவர்தான் எழுந்து போகவேண்டும். மகளிடம் இதைக் குறையாகச் சொன்னபோது, “நடங்கப்பா, உங்களுக்கு டாக்டரும் அதைத்தானே சொன்னார்” என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நடந்து கிட்டே போவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. எங்கள் பத்திரிகையில் முழங்கை என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார், உனக்கு நினைவிருக்கும். எந்தக் கூட்டத்தையும் முழங்கையாலேயே பிளந்துகொண்டு முன்னால் போய்விடுவார் என்பதால் அந்தப் பெயர். நான் கடைசி வரிசையில் சுவரோடு சாய்ந்து நின்று குறிப்பெடுப்பேன். பின்னால் நின்றால்தான் எல்லோரையும் பார்க்கலாம் என்பது என் கட்சி. “எழுதுறவன் பின்னால நின்னாலும் செய்தி வந்துடும். படம் வராது” என்பது அவர் கட்சி. இப்போது நான் அவருடைய கட்சியில் சேர்ந்திருக்கிறேன். முழங்கை மட்டும் போதவில்லை.

ஆரம்பத்தில் சில சங்கடங்கள் ஏற்பட்டன, மறைக்கவில்லை. இந்தக் கேமராவில் படம் எடுத்தால் சத்தம் வராது. பழைய கேமராக்களில் ‘க்ளக்’ என்று ஒரு ஒலி கேட்கும், வேலை முடிந்தது என்று மனம் அமைதியாகும். இதில் காதோடு வைத்து அழுத்தினால் கொசு கண் சிமிட்டியது மாதிரி ஏதோ ஒன்று. எடுத்ததா இல்லையா என்று தெரியாமல் நான் அழுத்திக்கொண்டே இருந்ததில் கார்டு முழுக்க எங்கள் வீட்டு மின்விசிறியும் என் இடது கால் செருப்பும்தான். அப்புறம், மேலே இருக்கும் டயல் ஒன்று சட்டைப்பைக்குள் உரசித் தானாகத் திரும்பிக்கொள்ளும். வெளிச்சம் கூடிப்போய்ப் படமெல்லாம் வெள்ளையாக வரும். அது தெரியாத ஒரு காலையில் வாசலுக்குப் போய் எடுத்துப் பார்த்துவிட்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன் அண்ணியிடம் வெளியே கடும் பனிமூட்டம், வண்டியை மெதுவாக எடு என்று எச்சரித்தேன். அவள் கதவைத் திறந்து வெயிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவதன் பொருள் உனக்கும் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். டிப்போ மண்டபத்தை நீ பார்த்ததில்லை. அங்கே ஒரு சுவர் முழுக்க ஓய்வுபெற்ற ஓட்டுநர்களின் படங்கள். எல்லாம் ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை: பின்னால் நீலத் திரை, கழுத்துவரை பொத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் முகம். அந்தச் சுவரில் ஒரு பெண் இல்லை. உன் அண்ணிதான் அந்த டிப்போவில் ஸ்டீயரிங் பிடித்த முதல் பெண். அந்தச் சுவரில் ஒரு ஸ்டீயரிங்கும் இல்லை. ஸ்டுடியோவுக்குப் போய்வரும்படி மேலாளர் சொன்னபோது உன் அண்ணி முடியாது என்றுவிட்டாள். “அந்த நாற்காலியில போய் உக்காந்தா நான் யாரோ மாதிரி இருப்பேன். வண்டியில இருக்கிற மாதிரி ஒரு படம் இருந்தா மாட்டுங்க. இல்லேன்னா அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.” இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் துடைக்கும்போது, இத்தனை வருஷத்தில் தான் வண்டி ஓட்டும் படம் ஒன்றுகூட இல்லை என்று மட்டும் சொன்னாள். ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கேமராவைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம். நம் குடும்ப ஆல்பத்தில் அவள் பாதிப் படங்களில் தூங்குகிறாள், மீதியில் தும்மப்போகிறாள். அவள் கண் திறந்திருக்கும் ஒரே படம் ஓட்டுநர் உரிமத்தில்தான் இருக்கிறது. அதிலும் முறைக்கிறாள்.

மறுநாளே டிப்போவுக்குப் போய் மேலாளர் அறையில் உட்கார்ந்து, படத்தை நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் தொழில் என்ன என்று அவருக்குத் தெரியும். அதில் எந்தப் பகுதி என்னுடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலைக்குள் படம் வராவிட்டால் உரிமத்தில் இருக்கும் முகத்தைப் பெரிதாக்கி மாட்டிவிடுவேன் என்றார். அந்த முறைப்பைக் கதவு அளவில் நினைத்துப் பார். அன்று மாலைதான் நீ கூப்பிட்டாய். “நீ விடு அண்ணே, நான் கடைசி சீட்டுல உக்காந்துக்கிட்டே அண்ணியோட கண் இமையை எண்ணி எடுத்துத் தர்றேன்” என்றாய். உன் நீண்ட லென்ஸை நான் மதிக்கிறேன். ஏரியின் அந்தக் கரையில் நிற்கும் கொக்கை இந்தக் கரையிலிருந்து எடுப்பவன் நீ. ஆனால் கொக்குக்கு உன்னை யாரென்று தெரியாது. உன் அண்ணிக்கு என்னைத் தெரியும்.

அதுதான் பிரச்சினையாகவும் முடிந்தது. திங்கட்கிழமை காலை அவள் வண்டியில் ஏறினேன். உள்ளே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையில் குறுக்காக ஒரு மஞ்சள் கோடு உண்டு. வண்டி ஓடும்போது அதைத் தாண்டி யாரும் நிற்கக்கூடாது, ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்பது விதி. மற்ற ஓட்டுநர்கள் இதை எவ்வளவு தூரம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் அண்ணி பார்ப்பாள். நான் கோட்டுக்குப் பின்னால் நின்று எடுத்தேன். ஜூம் இருந்தால் அங்கிருந்தே முகத்தை வாங்கியிருக்கலாம். என் லென்ஸ் அப்படி இல்லை, பாகுபாடு பார்க்காது. கம்பியைப் பிடித்திருந்த கைகள், ஒரு முதுகுப் பை, ஒருவருடைய காது, இவற்றுக்கெல்லாம் நடுவில் உன் அண்ணியின் கொண்டை. கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன், செருப்பு முனை மஞ்சளைத் தொட்டது, அவ்வளவுதான். மேலே இருந்த கண்ணாடியில் அவள் கண் தெரிந்தது. “சார், கோட்டுக்குப் பின்னால போங்க” என்றாள். நான் இந்த மாதிரி விஷயமாக வந்திருக்கிறேன் என்று அவளிடமே விளக்கத் தொடங்கினேன். “ஓட்டும்போது பேசக்கூடாது சார்.” காலையில் எனக்குக் காப்பி கொடுத்த அதே மனுஷி. எனக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இல்லாமல் இல்லை. பதவியில் இருந்த எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரை இப்படி நிறுத்திவைத்த ஒருவரையும் பார்த்ததில்லை.

அப்போதுதான் வழி தோன்றியது. வண்டி ஓடும்போதுதானே கோடு. நிறுத்தத்தில் ஏறும் பயணி, முன்கதவு வழியாக வந்து, டிக்கெட் இயந்திரத்தில் பயண அட்டையைக் காட்டும் அந்த நேரத்தில் ஓட்டுநருக்குக் கை நீட்டும் தூரத்தில் நிற்கிறார். என் லென்ஸுக்கு வேண்டிய தூரம் அதுதான். ஆகவே நான் பின்கதவு வழியாக இறங்கி, வெளியே ஓடி, முன்கதவு வரிசையில் நின்று, திரும்ப ஏறி, அட்டையைக் காட்டி, இயந்திரத்துக்கு மேலாகக் கேமராவை நீட்டி, கண்ணால் பார்க்க நேரமில்லாமல் அழுத்திவிட்டு உள்ளே போனேன். அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும். அதற்கடுத்ததிலும் மறுபடியும். ஒவ்வொரு முறையும் “உள்ளே போங்க சார், வழி விடுங்க” என்றாள், முன்பின் பார்த்திராத ஒருவரைச் சொல்வதுபோல. மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகும் ஒரு அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு வாங்குவதைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிறுத்தத்தில் எழுந்து உன் அண்ணியிடம் குனிந்து, ஆனால் எனக்குக் கேட்கும்படியாக, “பாவம், பெரியவருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு போலிருக்கு. எங்க ஏறுறோம் எங்க இறங்குறோம்னே தெரியல. வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னா யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்க” என்றார். உன் அண்ணி கியர் மாற்றாமல், தலையைத் திருப்பாமல் சொன்னாள்: “வீட்டுல யாரும் இல்லைங்க. வீட்டுக்காரி வேலைக்குப் போயிருக்கா.”

அந்த அம்மா இறங்கும்போது என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, சட்டைப்பையில் வீட்டு முகவரியை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டேன். ஒரு செய்தியாளர் களத்தில் கிடைப்பதை மறுக்கக்கூடாது.

கடைசி நிறுத்தம் வந்தபோது வண்டியில் நான் மட்டும்தான் மிச்சம். பின்வரிசை இருக்கையில் போய் விழுந்தேன். கடைசி நிறுத்தம் வந்ததும் குதித்து இறங்கி டீக்கடைக்குப் போகும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்; உன் அண்ணி அப்படி இல்லை. இன்ஜினை நிறுத்தியதும் வண்டியின் பின்கோடிவரை நடந்து வருவாள். குடை, பை, சாப்பாட்டு டப்பா, யார் எதை விட்டுவிட்டுப் போயிருந்தாலும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிப்போவில் ஒப்படைப்பாள். அவள் வண்டியில் தொலைந்த பொருள் திரும்பாமல் போனதில்லை என்று மேலாளரே சொல்கிறார். நான் அங்கே சற்று நேரம் கண்ணை மூடி, எடுத்த கோணங்களை மனதில் அசைபோட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது வண்டி திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா நான் வைத்தபடியே மடியில் இருந்தது. திரும்பும் வழியிலும் சில நிறுத்தங்களில் இறங்கி ஏறி எடுத்தேன்.

மாலையில் வீட்டில் கார்டைப் போட்டுப் பார்த்தேன். கொண்டை. காது. இயந்திரத்தின் பச்சை விளக்கு. என் அட்டை. என் கட்டைவிரல், மிகத் தெளிவாக. உன் அண்ணியின் கண் மூடிய முகம், பல கோணங்களில். நான் கேமராவை நீட்டும் கணத்தைச் சரியாகக் கணித்து மூடியிருக்கிறாள். உரிமத்தின் முறைப்புக்கு மனதைத் தயார் செய்துகொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனேன். கடைசிக்குச் சற்று முன்னால் அது வந்தது.

படத்தை விவரிக்கிறேன், கவனமாகப் படி. உன் அண்ணி நேர் முன்னாலிருந்து தெரிகிறாள். ஒரு கை ஸ்டீயரிங்கின் மேல் கிடக்கிறது, பிடிக்கக்கூட இல்லை, தன் வீட்டு மேசைமேல் கை வைத்திருப்பதுபோல. மற்றொரு கை கேமராப் பக்கமாக நீண்டு சட்டத்துக்கு வெளியே போகிறது. முன்கண்ணாடியைத் துடைக்கக் கை நீட்டிய கணம் என்பது என் கணிப்பு. பக்கத்து ஜன்னலின் வெளிச்சம் கன்னத்தில் விழுகிறது. கண் இரண்டும் திறந்திருக்கின்றன. மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். வாய்விட்டு, பல் தெரிய, தோள் குலுங்குவதுகூடத் தெரிகிற சிரிப்பு. அவளுக்குப் பின்னால் காலி இருக்கைகள் வரிசையாக நீண்டு போகின்றன. கடைசியில் வெளிறிய நிறத்தில் ஏதோ ஒன்று சின்னதாகக் கிடக்கிறது, யாரோ விட்டுப்போன பை. அதுவும் பொருத்தம்தான், அவள் வேலையின் ஒரு பகுதி தானாக வந்து படத்தில் உட்கார்ந்துகொண்டது. இதை நான் எந்த நிறுத்தத்தில் எடுத்தேன் என்று சரியாக நினைவில்லை. சத்தம் வராத கேமராவில் எதை எப்போது எடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு “இந்தம்மா சிரிப்பாங்களா” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, ஸ்டீயரிங்குக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் ஆள் நிற்கவே இடம் கிடையாதே, இந்தக் கோணம் எப்படிக் கிடைத்தது என்றார். தொழில் ரகசியம் என்றேன்.

உன் லென்ஸால் இது முடியாது தம்பி. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தொலைவிலிருந்து எடுத்த முகம் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும். இந்த முகம் தெரிந்தேதான் சிரிக்கிறது. அதற்குக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்த வயதில் பின்வரிசையை விட்டு எழுந்து முன்னால் போனேன், போன இடத்தில் இது கிடைத்தது. ஆனால் பெருமை என்று பார்த்தால் அதில் என் பங்கு சிறியது. அந்தச் சுவரில் இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, உன் அண்ணி ஒருத்தி மூச்சு விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள், அதுவும் தன் இருக்கையில் உட்கார்ந்து. அதைப் பார்க்கவாவது சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து சேர். நீண்ட லென்ஸைக் கொண்டுவர வேண்டாம். மண்டபம் அவ்வளவு பெரியதில்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் இருவருக்கும் என் ஆசிகள். பெரியவன் உயரமாகவும் சின்னவள் அவனைவிடச் சத்தமாகவும் வளரட்டும். உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன், உன் அண்ணியும் ஒரு வரி எழுதுவதாகச் சொன்னாள்.

உன் அண்ணன்

பின்குறிப்பு, வியாழக்கிழமை காலை. திருத்தம்.

உன் அண்ணி தன் வரியை எழுதுவதற்கு முன்னால் என் கடிதத்தை முழுவதும் படித்தாள். படத்தை விவரித்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அது பை இல்லைங்க” என்றாள். மகள் கொடுத்த கணினியில் படத்தைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத படம் என்று மேலே எழுதியிருக்கிறேன்; அந்த வரியில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. கடைசி இருக்கையில் நான் இருக்கிறேன். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. மடியில் தண்ணீர் பாட்டில். கேமரா கையில் இல்லை.

சம்பவம் நடந்த விதம், இப்போது நேரடிச் சாட்சியிடமிருந்து: கடைசி நிறுத்தத்தில் வழக்கம்போலப் பின்னால் நடந்து வந்தவள், என் காலடியில் கேமரா விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். விட்டுப்போன பொருள் என்ற முறையில் எடுத்துக்கொண்டுபோய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். மேலே கண்ணாடியைப் பார்த்தாள், நான் தெரிந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டித் தன் பக்கமாகவே திருப்பி ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். “சத்தமே வரல. எடுத்துச்சா இல்லையான்னே தெரியல. கொண்டுவந்து உங்க மடியில வச்சிட்டேன்.” அந்த நீண்ட கை முன்கண்ணாடியைத் துடைக்கவில்லை.

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் அவ்வளவு பெருமையாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தீர்கள், நடுவில் எப்படி நிறுத்துவது என்றாள். அப்படியானால் இப்போது மட்டும் ஏன் என்று கேட்டேன். “நீங்க வாயால சொல்லிக்கிட்டு இருந்த வரைக்கும் பரவாயில்ல. இது எழுத்துல போகுதே. எழுத்துல தப்பு போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க.” நான் கடைக்காரர்களில் இரண்டு பேரிடம் விசாரித்தேன், மேலாளரை இரண்டு முறை சொல்லச் சொன்னேன். படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பத்திரிகை ஆசிரியர் இருந்திருந்தால் என்னை விளையாட்டுப் பக்கத்துக்கு மாற்றியிருப்பார்.

இன்று காலை மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பதறவில்லை, பின்னிருக்கை வரும் பகுதியை வெட்டிவிட்டால் போயிற்று, யாருக்கும் தெரியாது என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. உன் அண்ணி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி அவரிடம் சொன்னாள்: “அதை வெட்டிட்டா நான் எதைப் பார்த்துச் சிரிக்கிறேன்னு யாருக்கு சார் தெரியும்?” பிறகு தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது, பனிமூட்டம் உண்டா என்று கேட்டாள்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. படத்தை வெட்டாமல் அச்சிடுவதா என்பது ஒன்று. கீழே ‘படம்: ஓட்டுநர்’ என்று போட்டால், ‘பின்னிருக்கையில்: கணவர்’ என்று எனக்கும் ஒரு வரி கிடைக்குமா என்பது இன்னொன்று, கேட்டிருக்கிறேன். அச்சகத்தாரைக் கலந்துகொண்டு நாளை, வெள்ளிக்கிழமை, மதியத்துக்குள் சொல்வதாக மேலாளர் சொல்லியிருக்கிறார்.